வறுவேல், பார்வெல்

நீரோடி இங்கே, பொழியூர் அங்கே என்று
ஐம்பத்தாறில் கோடு போட்டபோது
ஞானஸ்நானப் புத்தகங்களை யாரும் பங்கு வைக்கவில்லை.
அவை அக்கரையிலேயே தங்கிவிட்டன.
ஆகையால் எனக்க பாட்டனுக்க பாட்டனைத் தேட
புதன்கிழமைதோறும் அரைநாள் லீவு போட்டு
நடந்தே மாநிலம் தாண்டுகிறேன்.

ஐஸ் கம்பெனியில் பேரேடு எழுதுகிறவள் நான்.
எத்தனை பெட்டி வந்தது, எத்தனை உருகியது.
அதே கண்ணால்தான் லத்தீனைப் பார்க்கிறேன்:
தெரியாத மொழி, தெரிந்த கட்டங்கள்.

முதல் இரண்டு வருடம் ஆளே இல்லை.
அவர் கப்பலுக்குப் போனார் என்பது மட்டும்
குசினிச் சுவரின் ஆணிபோல
எதுவும் தொங்காமல் வீட்டில் கிடந்தது.
லஸ்கர் பட்டியலில்
சேக் உண்டு, பாவா உண்டு, மூன்று அந்தோணி உண்டு.
வறுவேல் இல்லை.

பிறகொரு மழைநாள்
வேறெதற்கோ நகலைத் திருப்பும்போது
வெள்ளைக்காரர் வரிசையில்,
தச்சனுக்கும் சமையல்காரனுக்கும் நடுவே:
பார்வெல். வயது இருபத்தேழு. பிறந்த ஊர் நெரோடி.

எழுதின குமாஸ்தாவுக்குக் காதில் உப்புத்தண்ணீர் போலும்.
ஒரு பிழையில் துரையாகிவிட்டார்.
சம்பளக் கட்டத்தில் மட்டும் பிழையில்லை,
லஸ்கருக்கு உள்ளதுதான் கொடுத்திருந்தார்கள்.

கப்பல் மார்கரெட் ஹோப். சரக்கு கயிறு, மிளகு.
ஆலப்புழையில் ஏறியது 1869 செப்டம்பர் 4.
அங்கேயே இறங்கியது 1871 நவம்பர் 22.
நடுவில் லண்டன்,
மொரீசியஸ் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு ஒன்பது வாரம்.
ஊர் வந்து போனதாக ஒரு வரி இல்லை.

அடுத்த புதன்
கோயில்பிள்ளை எஸ்தாக்கிக்குப் பழம்பொரி வாங்கிப் போனேன்.
சந்தோஷத்தில்.
அவர் மூன்றாம் புத்தகத்தை இறக்கி
பூச்சியை ஊதிவிட்டுத் தந்தார்.

சூசை. ஆண்.
தகப்பன் வறுவேல், தாய் மதலேனாள்.
பிறந்து ஆறாம் நாள் ஞானஸ்நானம், 1871 மார்ச் 19.
சூசையப்பர் திருநாள்.
பேருக்கு யாரும் யோசித்திருக்க வேண்டியதில்லை.

என் விரல் தானாகக் கழித்துப் பார்த்தது.
பதினெட்டு மாதம்.
மறுபடி கழித்தேன்.
பேரேட்டில் இப்படி ஒரு வரவு வந்தால்
சிவப்பில் சுழித்து
முதலாளி மேஜைக்குக் கொண்டுபோவேன்.

சாமியார் எழுதியிருந்தது:
பிலியுஸ் லெஜித்திமுஸ். முறையான மகன்.
இரண்டாவது சொல்லில் மசி கூடுதல்,
பேனா நின்று நின்று போனதுபோல.
ஈரக்காற்றாகவும் இருக்கலாம்.
மார்ச்சில் இந்தக் கடப்புறத்தில் ஈரக்காற்று உண்டு.

"கிட்டியோ?" என்றார் எஸ்தாக்கி.
"கிட்டிச்சு."

நடுக்கடலில் வெள்ளியைப் பார்த்து
நாள் எண்ணிக்கொண்டிருந்த மனுஷன்.
எண்ணத் தெரியாமல் இருந்திருக்காது.
அவர் வந்து பெட்டியை இறக்கும்போது
எட்டு மாதப் பிள்ளை மணலில் தவழ்ந்திருக்கும்,
புது ஆளைக் கண்டு அழுதிருக்கும்.
அன்றைக்கு ராத்திரி மதலேனாள் என்ன சமைத்தாள்,
யார் முதலில் பேசினார்கள்,
எந்தக் கட்டத்திலும் இல்லை.

அதற்கப்புறம் பிலோமினாள், தொம்மை, லாசர்.
எல்லாம் கணக்குக்கு ஒத்துப்போகிறது.
எந்தக் கப்பல் பட்டியலிலும் அவர் இல்லை,
வறுவேலாகவும் பார்வெல்லாகவும்.

1893. கல்யாணப் புத்தகம்.
மாப்பிள்ளை சூசை.
தகப்பன்மார் எல்லோரும் சிலுவைக்குறி போட்ட பக்கத்தில்
இவர் ஒரு நங்கூரம் வரைந்திருக்கிறார்.
வளையம், கொக்கி, இரண்டு சுற்றுக் கயிறு.
சாவகாசமாக.
பின்னால் ஆட்கள் காத்துநின்றிருப்பார்கள்.

மஸ்கட்டிலிருந்து சித்தப்பா மகன் ரெஜிஸ்
வம்சவரிசையை அச்சடிக்கக் கேட்கிறான்.
"தேதியெல்லாம் போடாண்டாம் அக்கா,
இடம் பத்தாது."
சரி மக்கா என்றேன்.

தேடல் கட்டணம் நூறு ரூபாய். ரசீது.
உறவு என்ற கட்டத்தை
எஸ்தாக்கி என் பக்கம் திருப்பினார்.
நானே எழுதினேன்.
பால்பாயிண்ட் பேனாதான்.
மசி எங்கும் கூடவில்லை.