மாற்றமில்லை

சாவன் பிறந்துவிட்டால் மணிக்கொரு தடவை
டார்ச்சோடு இறங்க வேண்டும், நூற்றுப் பதினோரு படி.
கடைசிப் படிக்குக் கீழே அளவுகோல்,
வெள்ளையில் கறுப்புக் கோடுகள்,
இடுப்புவரை தண்ணீரில் ஒன்றும் பேசாமல்.
நான் சதேஸ்வரி. வாசித்துச் சொல்வது என் வேலை.
ருத்ரபிரயாகை, இத்தனை மீட்டர், இத்தனை சென்டிமீட்டர்,
போக்கு: ஏற்றம், இறக்கம், அல்லது மாற்றமில்லை.
ஹரித்வாரில் ஒருவன்
கொட்டாவியோடு திரும்பச் சொல்வான்.

மந்தாகினி பச்சையாய் வருவாள், அலக்நந்தா சேறாய்.
சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம்
பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள்போல்
ஒரே கூரைக்குள் தனி உலை வைத்தபடி போவார்கள்.
யாத்திரிகர்கள் அதைப் படம் எடுக்கிறார்கள்.
என்னிடம் கேட்பது ஒன்றுதான்:
கேதாருக்குப் பாதை திறந்திருக்கிறதா?
நான் ஆற்றைப் பார்த்துச் சொல்வேன்.
மலை மழைக்குப் பின்னால் இருக்கிறது.

மேலே சாலையில் எல்லாம் போகும்.
மூன்று யுகமாய் அணையாத தீயைச் சுற்றி வர
சூரத்திலிருந்து ஒரு மணமகள்
பட்டும் நகையுமாய், ஜன்னலில் வாந்தி எடுத்துக்கொண்டு.

கனக்சௌரியில் ஜீப்பை விட்டுக் காட்டுப்பாதை ஏறினால்
கார்த்திக் ஸ்வாமி.
உலகத்தைச் சுற்றி வந்தவனை இரண்டாவது என்றார்கள்.
தசையைத் தாய்க்கும் எலும்பைத் தகப்பனுக்கும்
திருப்பிக் கொடுத்துவிட்டான், பாக்கி வைக்காமல்.
அந்த எலும்பைத்தான் கும்பிடுகிறோம்.
மதுரைப் பக்கத்து அம்மா ஒருத்தி
அரைகுறை ஹிந்தியில் சண்டைக்கு வந்தாள்:
எங்களிடம் கோபித்துக்கொண்டு மலையேறினான், அவ்வளவுதான்,
இரண்டு கல்யாணமும் ஆயிற்று.
இங்கே பிரம்மச்சாரி அம்மா, என்றேன்.
அவ்வளவு தூரம் நடந்ததில் கோபம் ஆறியிருக்கும்.

பதிவேட்டில் ஒரு ராத்திரி வெறும் கட்டங்கள்.
அளவுகோலே போய்விட்டது, எதை வாசிப்பது?
பிற்பாடு சிவப்பு மையில் எழுதினார்கள்: கருவி இழப்பு.
என் தம்பி மத்பர்
கௌரிகுண்டத்தில் கோவேறுகழுதை ஓட்டினான்.
அவனுக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.
ஒன்பதாம் நாள் கழுதை மட்டும் வந்தது,
ஒரு காதில்லாமல், கழுத்து மணியோடு.
விற்றுவிட்டேன். அதன்மேல் யார் யாரோ
கேதார் ஏறிப் புண்ணியம் சேர்த்திருப்பார்கள்.
மணியைக் கார்த்திக் ஸ்வாமி கோவிலில் கட்டினேன்.
வேண்டிக்கொண்டும் கட்டுவார்கள், நிறைவேறினாலும் கட்டுவார்கள்.
நான் இரண்டுக்கும் இல்லை.
காற்றடித்தால் அத்தனை மணிகளுக்குள்
அது தனியாய்க் கேட்கும் என்று நினைத்தேன்.
கேட்காது.

இன்று விடியுமுன் நாக்பூர்க்காரர் ஒருவர்,
எவர்சில்வர் டிபன் டப்பாவில் தகப்பனார்.
இந்த ஆறா, அந்த ஆறா என்றார்.
சாஸ்திரம் எனக்குத் தெரியாது.
பத்தடி தள்ளி நில்லுங்கள், அங்கே இரண்டும் ஒன்று.
செருப்பைக் கழற்றவா?
வேண்டாம். பாசி, வழுக்கும்.
கவிழ்த்தார். காற்று கொஞ்சத்தை
அவர் சட்டைக்கே திருப்பித் தந்தது.
தட்டிவிடலாமா கூடாதா என்று கை அந்தரத்தில் நின்றது.
பிறகு டப்பாவைக் கழுவினார், மூடினார்,
மறுபடி திறந்து பார்த்தார்.

மணி ஐந்து. டார்ச்சைச் சாய்த்தேன்.
நாலு மணிக்கு நின்ற கோட்டில்தான் நின்றது.
போக்கு? என்றான் ஹரித்வார்க்காரன்.
நாக்பூர்க்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.
மாற்றமில்லை, என்றேன், கொஞ்சம் மெதுவாக.
கேட்கவில்லை, உரக்கச் சொல்லு.
சொன்னேன்.

படியேறும்போது பின்னாலேயே வந்தார்.
டீக்கடை எப்போது திறப்பார்கள்?
ஆறுக்கு.
ஐம்பதாவது படியில் உட்கார்ந்தார், டப்பாவை மடியில் வைத்து.
ஏறி இறங்க அலுத்துப்போய் நானும் உட்கார்ந்தேன்.