முன்னால் ஒரு மூன்று

ஐந்து இலக்கம்தான் அந்த மீட்டருக்கு.
லட்சம் தாண்டினால் ஐந்து சுழியத்தோடு
ஒன்றும் நடக்காததுபோல்
மறுபடி பிறந்துவிடும்.
இன்று காட்டுவது பதினோராயிரத்து நானூற்றெட்டு.
முன்னால் ஒரு மூன்று போட்டுக்கொள்ளவும்
என்றே விளம்பரத்தில் எழுதினேன்.

லான்சியா ஃபுல்வியா. எழுபத்தொன்றாம் வருஷத்து மாடல். கருநீலம்.
குளிரில் இரண்டாம் கியர் முனகும்.
சாகவில்லை யாரும், கடனுமில்லை.
என் இடது முழங்கால்தான் காரணம்:
ஒவ்வொரு கிளட்சுக்கும் ஓர் ஊசி.
ஆட்டோமேட்டிக் வாங்குங்கள் என்கிறார் மருத்துவர்,
பல் போனவருக்குக் கஞ்சி சொல்லும் குரலில்.

முதலில் வந்தது ஒரு ஜோடி.
கல்யாணப் படத்துக்கு வேண்டுமாம்.
சீட்டை வெள்ளையாக்க முடியுமா என்றார்கள்.
எஞ்சினைத் திறந்துகூடக் கேட்கவில்லை.
காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அடுத்து உதினேயிலிருந்து பிராண்டொலின்,
பஞ்சு நடையில், பளபளக்கும் காலணியில்.
மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
மறுபடி மீட்டரை.
"அந்த மூன்றை யாரம்மா கேட்டார்கள்?
பத்தொன்பதாயிரம், இப்போதே, ரொக்கம்.
இந்த நோட்டு மட்டும்
உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்."

நோட்டு என்பது
முப்பத்தோரு வருஷம், கட்டம்போட்ட தாள்.
எனக்கு முன் ஓட்டிய பல் மருத்துவரின்
அறுபத்தெட்டாயிரம் முதல் வரி.
பிறகு நாற்பத்தெட்டு முறை எண்ணெய்.
நூற்றுத் தொண்ணூறாயிரத்தில் லிவியோ
எஞ்சினைப் பிரித்துக் கோர்த்த இரண்டு வாரம்.
போரா காற்று கதவைப் பிய்க்கப் பார்த்த அன்று
கீல் மாற்றிய ரசீது.
ஓரங்களில் என் விரல் கறுப்பு.

திரியெஸ்தே துறைமுகத்தில்
காப்பி மூட்டைக்கு எடை போட்டவள் நான்.
ஈர மூட்டை கனம் காட்டும்,
அதைக் கழித்து எழுதினால்தான் சம்பளம் செரிக்கும்.
பத்தொன்பதாயிரம் நல்ல பணம்.
இல்லை என்று சொல்ல எனக்கு
ஒரு சிகரெட் நேரம் பிடித்தது.
ஒன்றுமே பிடிக்கவில்லை என்று
இங்கே எழுதினால் அதுவும் ஈர மூட்டைதான்.

ஞாயிறு காலை நிவெஸ் வந்தாள்.
மலைமேல் ஒப்பிச்சினாவில் வீடு,
லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை.
வணக்கம் சொன்ன கையோடு
அட்டையை விரித்து வண்டிக்கடியில் படுத்துவிட்டாள்.
எனக்குத் தெரிந்தவை இரண்டு பூட்ஸ் மட்டும்.
கீழிருந்து கேட்டாள்:
"முன் சட்டத்தில், இடதுபுறம், துரு. தெரியுமா?"
தெரியாது.
முழங்காலைத் திட்டிக்கொண்டே நானும் படுத்தேன்.
நகக்கண் அளவு. விரல் வைத்தால் உதிர்ந்தது.
என் நோட்டில் இல்லாத ஒரு வரி.

விலை பதினாலாயிரம் என்று எழுதியிருந்தேன்.
அவள் பேரம் பேசவில்லை, அதுதான் தொல்லை.
கைதுடைத்து, நோட்டை
முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.
நாற்பத்தெட்டையும் எண்ணியிருப்பாள்.
"அறுநூறு குறைத்துக்கொள்,
வெல்டிங் அவ்வளவாகும்" என்றேன்.
"நானே வெல்டிங் செய்வேன். முந்நூறு போதும்."
இப்படியும் ஒரு சண்டை
என் வாசலில் நடந்தது.
பதின்மூவாயிரத்து ஐந்நூறில் முடிந்தது.
இருவருக்கும் கொஞ்சம் நஷ்டம் என்று
இருவருமே நினைத்தோம்.

சாவி கொடுத்தேன். நோட்டு கொடுத்தேன்.
உயவுக்குப்பி, அரைக்குப்பி மிச்சம், அதையும்.
கேரேஜ் வாசலில் நின்று
போகிற வண்டிக்குக் கையசைக்கத் தயாரானேன்.

எல்லா வண்டியிலும் முதல் கியர் இருக்குமிடத்தில்
இதில் ரிவர்ஸ்.
சொல்ல மறந்துவிட்டேன்.
முப்பத்தோரு வருஷம் கைக்குத் தெரிந்தது
வாய்க்கு வரவில்லை.

விற்ற வண்டி
என்னை நோக்கி ஒரு மீட்டர் வந்து
குலுங்கி நின்றது.

"இடது, கீழே!" என்று கத்தினேன்.
கண்ணாடிக்குள் அவள் சிரிப்பது தெரிந்தது.
இரண்டாம் கியர் முனகியது, வளைவில் மறைந்தாள்.

பின்னால் போனால் அந்தப் பழைய மீட்டர்
எண்ணைக் குறைத்துக்கொள்ளும்.
அந்த ஒரு மீட்டரை
நான் விலையில் சேர்க்கவில்லை.