கொள்ளைக்காரனுக்குக் குரல்

குளச்சல் ஏலத்தில்
என் தொண்டைக்குத்தான் சூரை விலை ஏறும்.
அலையைத் தாண்டிக் கேட்கிற தொண்டை.
அதைத் தேடி வந்தான்
மார்த்தாண்டத்தில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிற ஜெபின்.
"பிள்ளைகளுக்கான கார்ட்டூன் படம், அண்ணே.
கொள்ளைக்காரத் தலைவனுக்கு ஆள் கிடைக்கல."
எண்ணூறு ரூபாய். பஸ் காசு தனி.

சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை.
மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள், சத்தம் பதியுமாம்.
திரையில் ஒரு கழுதை. அதன்மேல் எட்டு வயதுப் பையன்.
மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து
என் ஆட்கள் பன்னிரண்டு பேர்.

"மூட்டையில என்னடா?"
இது நான்.
"பேரீச்சம்பழம். அதுக்கு அடியில
உம்மா ஒளிச்சு வச்ச வெள்ளிக்காசு பதினேழு.
அதுல ஒண்ணு தேஞ்சது, செல்லாது."
இது அவன்.
(அவனுக்குக் குரல் கொடுத்தது
கருங்கல் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி,
மூக்கைப் பிடித்துக்கொண்டு.)

முதலில் சிரிக்க வேண்டும். சிரித்தேன்.
ஒரே தடவையில் ஓகே.
பிறகு அழ வேண்டும்.
செல்லாக் காசையும் சேர்த்துச் சொல்லிவிட்டானே என்று
வாளைக் கீழே போட்டு அழ வேண்டும்.

ஒன்பது தடவை அழுதேன்.
"இருமுற மாதிரி இருக்கு" என்றான் ஜெபின்.
"விக்கல் மாதிரி இருக்கு."
"ஒரு டீ குடிச்சிட்டு வாங்கண்ணே."

பத்தாம் தடவை
யாரையும் கேட்காமல் என் முன்னால் வந்து நின்றது
போன கார்த்திகையில் நான் ஏலம் விட்ட ஒரு கூடை.
முந்தாநாள் சூரை.
செவுளில் புது ரத்தம், என் விரலால் தடவியது.
எடுத்தவள் இரணியல் பக்கம்
தலைச்சுமடாகக் கொண்டுபோய் விற்கிறவள்.
பெயர் தெரியாது.
மறுவாரமும் வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.
சூரைக் கூடையைத் தாண்டிப் போய்
நெத்திலி எடுத்தாள்.

"இதுதாண்ணே!"
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெபின்
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

பெருநாள் கழிந்த மூன்றாம் நாள்
மதரசாக் கூடத்தில் வெள்ளைத்துணி கட்டிப்
படம் போட்டார்கள்.
கொள்ளைக்காரன் அழுதபோது
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
என் சபீகா மட்டும் திரையை விட்டுவிட்டு
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும் வழியில், ஐஸ் கம்பெனி தாண்டியதும்:
"நெசமாவே அழுதீங்களா, வாப்பா?"

"இல்ல மக்ளே. கிளிசரின்."

பத்தடி நடந்தாள்.
நின்று, செருப்பில் ஏறிய மணலைத் தட்டினாள்.

"குரலுக்கு எதுக்கு வாப்பா
கிளிசரின்?"