பழுப்பு உறை

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி, மாடி ஹால்.
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது.
பொம்மையின் சட்டையைக் காட்டுகிறார் டாக்டர் நஸ்ரீன்:
நெஞ்சருகே கிழிசல், சுற்றிலும் சிவப்பு மை.

"எங்கே வெட்டிக் கழற்றுவீர்கள்?"
கை பழகின வழக்கம்,
கிழிசலிலேயே கத்தரியை விட்டேன்.
"கத்தி சொன்னதை அழித்துவிட்டீர்கள் சிஸ்டர்"
என்றார், குரல் உயராமல்.

ஓட்டையைத் தொடாமல் தள்ளி வெட்டணும்.
ஈரத் துணியை பிளாஸ்டிக்கில் கட்டினால்
பூஞ்சை தின்றுவிடும்.
நிழலில் உலர்த்தி, காகிதத்தில் மடித்து,
அரக்கு, கையெழுத்து, தேதி, மணி.

"கடலூர்ல எதுங்க டாக்டர் உலரும்?"
பின்வரிசையிலிருந்து பார்மசி கலியமூர்த்தி.
தீப்பெட்டியே நமுத்துப்போகிற ஊர்.
எல்லோரும் சிரித்தோம்.

நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

ஓர் ஐப்பசி இரவு, அடைமழை.
முதுநகர்ப் பக்கமிருந்து ஆட்டோவில் வந்தவள்.
பேர் சொல்லமாட்டேன்.
நகக்கண்ணெல்லாம் அவள் பிறாண்டியெடுத்த தோல்.
வெந்நீர் கொண்டுவந்தது நான்தான்.
டெட்டால் இரண்டு மூடி.
ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல்.
அப்போதுதான் அவள் முழுசாக ஒரு மூச்சு விட்டாள்.
தொட்டியின் ஓட்டை வழியே
இறங்கிப் போனான் அவன்.

மூன்றாம் வருஷம் கோர்ட்டில் வாசித்தார்கள்:
நகத்தடியில் ஏதுமில்லை.
சாட்சிக் கூண்டில் நின்று சொன்னேன்,
"நல்லா சுத்தம் பண்ணினேன் ஐயா."
டைப்படித்துக்கொண்டார்கள்.

கேள்வி நேரம்.
நாற்காலி அடுக்க வந்த அஞ்சலாட்சி
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்.
வருகைப் பதிவேட்டில் அவள் பேர் இல்லை.
"கையக் கழுவி வுடுன்னு அந்தப் பொண்ணே அழுதா
இன்னா சொல்றது?"

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார்.
திரையில் ஓடிய படங்களில் அதற்குப் பக்கம் இல்லை.
"எடுக்கலாமா என்று அவளைக் கேளுங்கள்.
வேண்டாமென்றால் வேண்டாம்தான்."
"செரின்னா?"
"சீக்கிரம் எடுங்கள். அப்புறம்
அவள் கேட்டபடியே கழுவிவிடுங்கள்."

இன்றைக்கு நைட் டியூட்டி.
அவசர வார்டு மேசையின் இரண்டாம் இழுப்பறை:
எண் எழுதிய பழுப்பு உறை பன்னிரண்டு,
அரக்குத் துண்டு,
ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு பிடி அரிசிக்கு நடுவே
நமுக்காமல் ஒரு தீப்பெட்டி.
பிரிக்காத சோப்பும் வாங்கி வைத்திருக்கிறேன்,
உறைகளுக்கு அடியில்.