இருவருக்கு மட்டும்

பரிசுச் சீட்டு வாங்கியது போன நவம்பரில்,
மல்லேக் துறைமுகத்தில்,
உயிர்மீட்புப் படகு நிதிக்காக.
ஐந்து பவுண்டு. ஆளுக்கு இரண்டரை போட்டோம்.
பெயர் எழுதும் கோட்டில் ஃபெர்கஸ்
இஞ்சின் எண்ணெய் ஒட்டிய விரலோடு
'ஐல்சாவும் நானும்' என்று எழுதினான்.

குலுக்கலில் அந்தச் சீட்டு விழுந்தபோது
ஐல்சா பெர்த்தில் வாடகை அறையில் இருந்தாள்.
அதாவது, நான்.

கிளாஸ்கோவில் இரண்டு இரவு,
ஐந்து நட்சத்திரம்,
ஏழு தட்டு விருந்து,
நடன நாடகத்துக்கு இரண்டு இருக்கை.
பணமாகத் தர மாட்டார்களாம்,
பிறருக்குக் கைமாற்றவும் கூடாதாம்.
வக்கீலின் பட்டியலில்
கெட்டில்கூட யாருக்கென்று தீர்ந்திருந்தது.
இது மட்டும் விடுபட்டுப்போயிற்று.

'வீணாப் போவானேன்' என்றான் தொலைபேசியில்.
அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான்
பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்தினோம்.

அறையில்
கழுத்தோடு கழுத்து சேர்த்து
துண்டில் செய்த இரண்டு அன்னங்கள்.
நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நிற்க,
ஃபெர்கஸ் ஒன்றை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
குளிக்கப் போனான்.
மற்றது
திரைச்சீலையைப் பார்த்தபடி கிடந்தது
இரண்டு நாளும்.

சோபா அவனுக்கு. கட்டில் எனக்கு.
கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

விருந்தில் நான்காவது தட்டு சிங்கி இறால்.
'இன்று காலை மல்லேக்கிலிருந்து வந்தது'
குரலைத் தாழ்த்திச் சொன்னான் பரிமாறுகிறவன்,
கோயில் செய்தி போல.
'எந்தப் படகு?' என்றான் ஃபெர்கஸ்.
பாவம், உள்ளே போய் விசாரித்து வந்தான்:
'கிட்டிவேக்' என்று நினைக்கிறார்களாம்.
ஃபெர்கஸ் முள்கரண்டியைக் கீழே வைத்து
இறாலிடம் சொன்னான்:
'அதோட பம்பைப் பழுது பார்த்தது நான்தான்.
இன்னும் காசு வரலை.'
எனக்கு மூக்கில் மது ஏறிவிட்டது.
சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று
கணக்குப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.

மறுநாள் இரவு அரங்கம்.
இசையே இல்லை முதலில்.
பாதங்கள் பலகையில் படும் ஓசை,
மூச்சு.
ஒன்பது பேர் வந்தார்கள்; ஏழு பேர் போனார்கள்.
மிஞ்சியவர்களில்
ஒருத்தி ஒருவனை முதுகில் ஏற்றிக்கொண்டாள்.
நடந்தாள்.
மேடையின் இந்த ஓரம், அந்த ஓரம்,
பிறகு தரையில் தண்ணீர் விட்டார்கள்,
அதிலும் நடந்தாள்.

இதற்குள் ஃபெர்கஸ் தூங்கிவிட்டான்.
வெள்ளி இரவு முழுக்க படகொன்றின் அடியில் படுத்து
வேலை பார்த்தவன்.
தலை மெல்லச் சரிந்து
என் இடத் தோளில் அமர்ந்தது.
எந்தச் சோப்புக்கும் போகாத டீசல் வாசனை.
எழுப்பியிருக்கலாம்.
பக்கத்து இருக்கைக்காரி எங்களைப் பார்த்துப் புன்னகைத்தாள்.
அவளுக்கு எப்படி விளக்குவது?

மேடையில் அவள் அவனை இறக்கினாள்.
முதலில் ஒரு முழங்கால். பிறகு ஒரு கை.
அவன் கால் ஊன்றி
ஈரத்தில் தடம் வைத்து வெளியே போனான்.
அவள் முதுகு மட்டும்
நெடுநேரம் வளைந்தே இருந்தது,
காலியாக.

கைதட்டலில் விழித்தான்.
'முடிஞ்சிருச்சா?'
'முடிஞ்சிருச்சு.'
'என்ன நடந்தது?'
'ஒருத்தி ஒருத்தனைத் தூக்கிக்கிட்டு நடந்தா.'
'எவ்வளவு நேரம்?'
'நாற்பது நிமிஷம் இருக்கும்.'
கோட்டை மாட்டிக்கொண்டே யோசித்தான்.
'ஆள் என்ன எடை?' என்றான்.

காலையில் கணக்கு முடிக்கும்போது
பரிசில் சேராதது ஒன்றே ஒன்று:
குளிர்பெட்டி மேலிருந்த முந்திரிப் பொட்டலம்,
ஏழு பவுண்டு.
ஆளுக்கு மூன்றரை போட்டோம்.
பாதிதான் தின்றிருந்தான்.
மீதியை
என் கோட்டுப் பையில் கொட்டிவிட்டு
மேற்கு ரயிலுக்கு ஓடினான்.

பெர்த் வந்தபோது
பையில் உப்பு இருந்தது,
நகக்கண்ணில் கொஞ்சம்.