எத்தனை பேர்

விடுதி தேடுகிறவர்கள்
நீச்சல் குளம் உண்டா என்று பார்ப்பார்கள்.
நான் பார்த்தது
அறைக்குள் அடுப்பு இருக்கக் கூடாது.

அறுபத்து நாலு பையன்களுக்கு
மூன்று வேளையும் வடிக்கிறவள்.
செமஸ்டர் முடிந்து மெஸ்ஸைப் பூட்டியதும்
சிவகாசி வெயிலில் படியிலேயே உட்கார்ந்து
போனில் காரைக்குடி வரைபடத்தைத் திறந்தேன்.
இரண்டு ராத்திரி. ஒன்பதாயிரம் ரூபாய்.
அதற்குள் யாரோ சமைத்து
யாரோ பரிமாறி
நான் கை கழுவி எழுந்திருக்க வேண்டும்.

கானாடுகாத்தானில் ஒரு பங்களா ஓட்டல்.
தூணெல்லாம் தேக்கு, தரையெல்லாம் பூக்கல்.
ஒரு ராத்திரி வாடகைக்கு
எட்டு நாள் காய்கறி வாங்கிவிடலாம்.
காலைச் சாப்பாடு இலவசம் என்று போட்டிருந்தது.
நானும் ரசத்தை
அப்படிச் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

செக்காலை ரோட்டில் இன்னொன்று.
நடக்கிற தூரத்தில் ஏழெட்டு சாப்பாட்டுக் கடை.
கோலா உருண்டை தித்தித்தது
என்று ஒருவர் குறைபட்டிருக்கிறார்.
சோம்பு கூடினால் அப்படித்தான்.
இன்னொருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து
லிப்ட் அருமை என்கிறார்.
உணவகத்துக்கு லிப்ட்டைப் புகழ்ந்தவரை
என்ன செய்வது?

வட்டம் வட்டமாய்ப் போட்டுப் பார்த்தேன்.
தங்குமிடம் நன்றாயிருந்தால்
சாப்பாடு தூரத்தில்.
சாப்பாடு பக்கத்தில் என்றால்
ஜன்னலைத் திறந்ததும் அந்த ஓட்டலின் புகைபோக்கி.
புகைபோக்கிக்கு எதிரில் படுக்க
நான் ஏன் காரைக்குடி வரை போக வேண்டும்?

கடைசியில் கணக்கைத் தலைகீழாக்கினேன்.
பஸ் ஸ்டாண்டு பக்கம் எழுநூறு ரூபாய் லாட்ஜ்.
கண்ணை மூடினால் எல்லா அறையும் ஒரே அறை.
நாக்குக்கு அந்தச் சமாதானம் செல்லாது.
சாப்பாடு பங்களாவில்.

போன் போட்டேன்.
"வெளியாளுக்கும் உண்டு மேடம், முந்தின நாளே சொல்லிரணும்.
எத்தனை பேர்?"
"ஒண்ணு."
"ஒரு பேமிலியா?"
"ஒரு ஆள்."
அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"நாலு பேராவது இருந்தா..."

அவனைக் கோபித்து என்ன.
நாலு பேருக்குக் கீழே குழம்பு வைத்தால்
சட்டிக்கே பத்தாது, அடிதான் பிடிக்கும்.
நானும் அதையே சொல்லியிருப்பேன்.
"மத்தவங்களுக்கு ஆக்கும்போது
ஒரு அகப்பை சேர்த்து ஆக்குங்க தம்பி" என்றேன்.
தொழில்காரி என்று தெரிந்துவிட்டது போல.
"வாங்க. பேர்?"
"சண்முகக்கனி."

மறுநாள் டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன்.
நீள மேசை. அந்தக் கோடியில்
பெங்களூர்க் குடும்பம் ஒன்று
சாப்பிடாமல் படம் பிடித்துக்கொண்டிருந்தது.
என் முன்னால் ஒரு இலை.
எதிரே இன்னொரு இலை.
ஒருத்தி என்று சொன்னதை
யாரோ நம்பவில்லை.
"கூட வர்றவங்க...?" என்று காளீஸ்வரன் வாசலைப் பார்த்தான்.
சட்டையில் பேர் குத்தியிருந்தது.
"வந்தாச்சு" என்றேன்.
எதிர் இலையை மடிக்காமல் எடுத்துப் போனான்.

நண்டு ரசத்தில் மிளகு
தொண்டையில் நின்று யோசித்து இறங்கியது.
கவுனி அரிசிக்குத் தேங்காயைக் கஞ்சத்தனம் இல்லாமல் போட்டிருந்தார்கள்.
கத்தரிக்காய் மண்டியில் மட்டும்
உப்பு அரைச் சிட்டிகை குறைவு.
வாய் வரை வந்தது.
மண்டியைக் கொண்டே அதை விழுங்கினேன்.

எழுந்ததும் பழக்கத்தில்
இலையை மடித்துக் கையில் எடுத்துவிட்டேன்.
"விடுங்க மேடம், விடுங்க" என்று பிடுங்கிக்கொண்டான்.
வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
இரண்டு தடவை கழுவினேன்.

ராத்திரிக்கு எத்தனை பேர்
என்று இந்த முறை அவன் கேட்கவில்லை.
"இடியாப்பமா, ஆப்பமா?" என்றான்.
பென்சிலும் கையுமாய் நின்றான்.
பெங்களூர்க்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள்,
மேசையைத் துடைத்தாகிவிட்டது,
நான் இன்னும் சொல்லவில்லை.
அறுபத்து நாலு பேருக்கு என்றால்
யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.