பொருள்: பள்ளி இடமாற்றம் தொடர்பாக

திங்கட்கிழமை என்றால் ஏழரைக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன்.
சத்துவாச்சாரியில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில்
மனு அடித்துத் தரும் கடைகளில் கடைசிக் கடை.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
அழுதுகொண்டே சொன்னாலும் அதே முப்பது.

முதலில் வந்தவர் எத்திராஜுலு சார்,
எங்கள் நகர் நலச் சங்கச் செயலாளர்.
பச்சை இங்கில் எழுதியே கொண்டுவந்திருந்தார்:
நான்காம் தெருவில் பூட்டிக் கிடக்கும் பீடிக் கிடங்கிற்கு
ஆற்றோரத்து உதவிபெறும் பள்ளியை மாற்றும் உத்தரவை
ரத்து செய்யக் கோருதல்.
ஒன்று, தெரு இருபதே அடி.
இரண்டு, கால்வாய் இப்போதே வழிகிறது.
மூன்று, மூத்த குடிமக்களின் மதியத் தூக்கம்.

நான்காவதில் விரல் நின்றது.
'அந்தப் பகுதிப் பிள்ளைகளின் வருகையால்
எங்கள் மனைகளின் மதிப்பும் பெண்களின் பாதுகாப்பும்...'
"அந்தப் பகுதின்னா எது சார்?
பேர் போடணுமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஹைவேயில் ஆம்பூர் பஸ் ஒன்று
ஹாரன் அடித்துக் கடந்து போகும்வரை துடைத்தார்.
"நாலை எடுத்துடும்மா.
போக்குவரத்து நெரிசல்னு போட்டுக்கோ."
போட்டேன்.
அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவோ இடம் இருந்தது.

பின்னால் இணைத்த தாளில் எண்பத்தேழு கையெழுத்து.
அறுபத்து மூன்றாவது என் கணவருடையது.
நாங்கள் அங்கே வாடகைக்கு.
சங்கக் கூட்டத்தில் வாடகைக்காரருக்கு நாற்காலி கிடையாது,
கையெழுத்துக்கு மட்டும் தேடி வருவார்கள்.

பத்தரைக்கு அமுலு வந்தாள்.
ஷூ கம்பெனியில் அரைநாள் பர்மிஷன்,
விரல் நுனிகளில் பசை காய்ந்து உரிந்திருந்தது.
எழுதிக் கொண்டுவரவில்லை. சொன்னாள்.

"வெள்ளம் வந்த வருஷம் சுவரு விரிஞ்சுபோச்சு.
அப்பலேர்ந்து கல்யாண மண்டபத்துலதான் ஸ்கூல் நடக்குது.
முகூர்த்த நாள்னா லீவு.
ஆவணியில ஒன்பது நாள் பாடமே இல்ல.
அஞ்சாங்கிளாஸ் பசங்க
வாய்ப்பாடு மறந்துட்டு பஞ்சாங்கம் பாக்குதுங்க."
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்கம்மா பத்து வருஷம் அந்தக் கிடங்குக்குப் போய்
பீடிக்கட்டு எண்ணிக் குடுத்துட்டு வந்தா.
அப்ப தெரு அகலமாத்தான் இருந்துச்சு."
இதை மனுவில் எப்படிச் சேர்ப்பது
என்று எனக்குத் தெரியவில்லை. சேர்க்கவில்லை.

புதிதாக அடிக்க நேரமில்லை.
காலையில் அடித்ததையே திறந்து
வேறு பெயரில் சேமித்துக்கொண்டேன்.
அதே பெறுநர், அதே மாண்புமிகு, அதே நான்காம் தெரு.
விடுநரை மாற்றினேன்.
'ரத்து செய்ய' வந்த இடத்தில் 'விரைந்து நிறைவேற்ற'.

பிரின்ட்டை அமுலு வரிவரியாக
விரல் வைத்துப் படித்தாள்.
நான்காவதில் அவள் விரலும் நின்றது.
"இதென்னக்கா நெரிசல்?
நாங்க நடந்துதானே வருவோம்."

அழித்துவிட்டு மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.
வீணான தாளுக்குக் காசு வாங்கவில்லை.
நல்ல தாளுக்கு வாங்கினேன்.

பன்னிரண்டு மணி வெயிலில் பார்த்தால்
டோக்கன் வரிசை கேட் தாண்டி வந்திருந்தது.
சாருக்கும் அமுலுவுக்கும் நடுவே
பட்டா கேட்பவர்கள், பென்ஷன் நின்றுபோனவர்கள்,
மூன்றுசக்கர வண்டி கேட்டு ஒருவர்.
மனு இருந்த ஃபைலை
இரண்டு பேருமே தலைக்குமேல் பிடித்திருந்தார்கள்.
கடையிலிருந்து பார்க்க
எது எவருடையது என்று தெரியவில்லை.

ராத்திரி கேட்டேன்:
"சங்கத் தாள்ல கையெழுத்து போட்டீங்களே,
நாலாவது காரணம் படிச்சீங்களா?"

"வெறுந்தாள்தான் வந்துச்சு" என்றார்.
பிறகு, கொஞ்சம் கழித்து,
"எல்லாரும் போட்டாங்க."

அவர் கண்ணாடி போடுகிறவர் இல்லை.
துடைக்க ஒன்றுமில்லாமல்
தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.